குலை நோயைப் படிக்க பிராக்கிபோடியம் புல்: கோலாலம்பூர், பினாங்கு ஆய்வுக்கூடங்களுக்கான செய்முறை

நெல்லின் குலை நோயும் கோதுமையின் குலை நோயும் ஒரே பூஞ்சை இனத்தால் வருபவை. அதன் பெயர் மேக்னபோர்தே ஒரைசே. பைரிகுலேரியா ஒரைசே என்றும் எழுதுவார்கள். நெல்லைத் தாக்கும் வகை கெடா, செபராங் பிறை, செகிஞ்சான் என்று நம் வயல்களில் பழையது. கோதுமையைத் தாக்கும் வகை 1985-இல் பிரேசிலில் கண்டறியப்பட்டு, 2016-இல் வங்காளதேசத்துக்கு வந்து சேர்ந்தது. மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. ஆனால் காலையில் நாம் சாப்பிடும் ரொட்டி சானாய்க்கான மாவு முழுக்க இறக்குமதிக் கோதுமை. எங்கோ விளையும் கதிரின் நோய் நமக்கும் பொருட்டுதான்.

கோதுமையில் நேரடியாக ஆய்வு செய்வது கடினம். அதன் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 1,600 கோடி டிஎன்ஏ எழுத்துகள் கொண்டது, அதுவும் மூன்று மூதாதைப் புற்களின் தொகுதிகள் ஒன்றாகச் சேர்ந்தது. ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தாலும் அதன் மற்ற இரண்டு பிரதிகள் வேலையைத் தொடரும். பிராக்கிபோடியம் டிஸ்டாக்கியான் என்ற சின்னப் புல் இங்கேதான் கைகொடுக்கிறது. 5 ஜோடி குரோமோசோம், 27.2 கோடி எழுத்துகள், தன் மகரந்தச் சேர்க்கை, ஒரு சாண் உயரம், சரியான வெளிச்சத்தில் 8 முதல் 12 வாரத்தில் விதையிலிருந்து விதை. இதை மாதிரித் தாவரமாக வைக்கலாம் என்று 2001-இல் முன்மொழிந்தார்கள். பிடி21 என்ற வரிசையின் (ஒரே மாதிரியான தூய விதை வழியின்) முழு மரபணுத் தொகுதி 2010-இல் வெளியானது. கோதுமையும் பார்லியும் இருக்கும் அதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. நெல்லுக்குச் சற்றுத் தூரத்து உறவு. ஆனாலும் நெல்லிலிருந்து எடுத்த குலை நோய்ப் பூஞ்சை இதன் இலையில் நெல்லில் வருவது போன்ற புள்ளிகளையே உண்டாக்குகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். உங்கள் கேள்வி நெல்லைப் பற்றியது மட்டும் என்றால் நெல்லிலேயே செய்யுங்கள். அதுவும் சிறிய மரபணுத் தொகுதி கொண்ட நல்ல மாதிரித் தாவரம்தான். கோதுமை, பார்லிக்கும் பொருந்தும் எதிர்ப்புச் சக்தி எது, நெல்லுக்கு மட்டுமே உரியது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால்தான் பிராக்கிபோடியத்துக்குப் பொருள் உண்டு.

இன்னொன்று: செடிக்கு நோய் வரவைப்பது கஷ்டமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வரவைப்பதுதான் கஷ்டம். கீழே சொல்லும் அளவுகள், வெப்பநிலைகள், நேரங்கள் எல்லாம் அதற்காகத்தான்.

விதையும் அனுமதியும்

பிடி21, பிடி21-3, பிடி3-1 போன்ற வரிசைகள் அமெரிக்க விவசாயத் துறையின் விதை வங்கியில் ஆய்வுக்குக் கிடைக்கும். மரபணு மாற்றம் செய்த ஆயிரக்கணக்கான வரிசைகள் பிடி21-3-இல் உருவாக்கப்பட்டவை. எனவே பின்னால் அப்படிப்பட்ட வரிசைகளைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே பிடி21-3-ஐ அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். குலை நோய்க்கு ஏபிஆர்1, ஏபிஆர்5 என்ற வரிசைகள் இரண்டும் பயனுள்ள ஜோடி: நெல் ஆய்வில் பரவலாகப் பயன்படும் கை11 (Guy11) என்ற குலை நோய்ப் பூஞ்சைக்கு ஏபிஆர்1 எளிதில் பணியும், ஏபிஆர்5 எதிர்த்து நிற்கும்.

விதை வருவதற்கு முன் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். 1976-ஆம் ஆண்டுத் தாவரக் குவாரண்டைன் சட்டம் விதைக்கும் பொருந்தும், பூஞ்சைக் கல்ச்சருக்கும் (ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த பூஞ்சைக்கும்) பொருந்தும். கடித உறையில் நாலு விதை போட்டு அனுப்பச் சொல்லும் பழக்கம் வேண்டாம். கோதுமையைத் தாக்கும் வகைப் பூஞ்சையைக் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். தெற்காசியா வரை வந்துவிட்ட ஒரு நோயை ஆய்வுக்கூட வழியாக இன்னொரு நாட்டுக்குள் திறந்துவிடுவது எந்தக் கட்டுரைக்கும் ஈடாகாது. நம் வயலில் ஏற்கெனவே இருக்கும் நெல் வகையே இந்த வேலைக்குப் போதும்.

வெளிச்சம்தான் இங்கே முதல் தடை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். பிராக்கிபோடியம் நீண்ட பகல் கேட்கும் புல். ஜன்னலோரத்தில் அல்லது நெட் ஹவுஸில் வைத்தால் இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கும், பூப்பது மிகவும் தாமதமாகும். அதோடு மதியம் 33 டிகிரி வெயிலில் நுனி காய்ந்துவிடும். இதற்குக் குளிரூட்டும் வசதியுள்ள வளர்ப்புப் பெட்டி வேண்டும், அல்லது ஏர்கோன் நாள் முழுக்க ஓடும் தனி அறை. பகலில் 22 முதல் 24 டிகிரி, இரவில் 18 முதல் 20. இலைச் சோதனைக்கு 16 மணி நேர வெளிச்சம். விதை பெருக்க 20 மணி நேரம்.

வெளிச்சத்தின் அளவு செடியின் உச்சியில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 150 முதல் 200 மைக்ரோமோல். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 4 அடி வெள்ளை எல்இடி குழாய்களை நெருக்கமாகக் கட்டினால் இது வந்துவிடும். அளக்க ஒரு நாள் மட்டும் மீட்டரை இரவல் வாங்கி, தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் அளந்து எழுதிவையுங்கள். மூலையில் வெளிச்சம் பாதியாக இருப்பது வழக்கம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்றிச் சுழற்றுவது அதனால்தான்.

டைமரைப் பற்றி ஒரு வார்த்தை. மதியம் இடி மின்னலோடு மழை பிடித்தால் கரண்ட் டிரிப் ஆவது நம் ஊரில் சாதாரணம். சுற்றும் வகை டைமர் நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓடும். வெளிச்ச நேரம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போயிருப்பது யாருக்கும் தெரியாது. உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் விலை கொஞ்சம் அதிகம், ஆனால் அதுதான் வேண்டும்.

விதைப்பு

காய்ந்த விதையின் மேல் உமியை இடுக்கியால் உரியுங்கள். உமியோடு விதைத்தாலும் முளைக்கும், ஆனால் ஒரே நாளில் முளைக்காது; உமிக்கு அடியில் தங்கும் பூசணமும் கூடவே வரும். 70 சதவீத எத்தனாலில் 30 நொடி, பிறகு 1.3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 4 நிமிடம். சூப்பர்மார்க்கெட் குளோரோக்ஸின் லேபிளில் 5.25 சதவீதம் என்றிருந்தால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் இந்த அளவு வரும். மாதக் கணக்கில் திறந்துவைத்த போத்தல் நம் வெப்பத்தில் வீரியம் இழந்திருக்கும், புதிது வாங்குங்கள். கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசி, ஈரமான வடிதாளில் வரிசையாக வைத்து, பெட்ரி தட்டை மூடி, 4 டிகிரியில் இருட்டில் 7 நாள். இந்தக் குளிர்தான் எல்லா விதையையும் ஒரே சமயத்தில் எழுப்புகிறது. பிறகு 22 டிகிரியில் 2, 3 நாளில் வேர் எட்டிப் பார்க்கும். அதில் ஒரே நீளம் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி நடுங்கள். குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக முளைக்கவையுங்கள், பொறுக்க இடம் இருக்கும்.

மண்கலவைக்கு பீட் மாஸ் மூன்று பங்கு, வெர்மிகுலைட் ஒரு பங்கு. நர்சரியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று உமிக்கரியை, நம் ஊர் செகாம் பாக்காரை, கலக்காதீர்கள். அதில் சிலிக்கா மிக அதிகம். புல்லினச் செடிகள் சிலிக்காவை உறிஞ்சி இலைத்தோலில் சேர்த்துக்கொள்ளும். குலை நோய் அதனால் குறையும். வயலுக்கு அது நல்லது. சோதனைக்கு அது மறைந்திருந்து கெடுக்கும். தேங்காய் நார்த்தூள் போடுவதென்றால் உப்பு போகும்வரை கழுவியிருக்க வேண்டும்.

7 செ.மீ. தொட்டிக்கு 4 நாற்று, அரை செ.மீ. ஆழம். தண்ணீர் தட்டில் ஊற்றி அடியிலிருந்து ஏற விடுங்கள், மேல் மண் லேசாகக் காயட்டும். மேல் மண் எப்போதும் ஈரமாக இருந்தால் நாற்றழுகலும் பூசண ஈயும் வரும். ஒருமுறை வந்தால் அறையை விட்டு அனுப்புவது பெரும்பாடு. வாரம் ஒருமுறை 20-20-20 கரையும் உரம், லிட்டருக்கு 1 கிராம். தழைச்சத்து கூடினால் குலை நோய் கூடும், குறைந்தால் குறையும். ஆகவே எல்லாத் தொட்டிக்கும் ஒரே நாளில் ஒரே அளவு.

மூன்று வாரத்தில் மூன்று முதல் நான்கு இலை விரிந்திருக்கும். அதுதான் நோய் ஏற்றும் பருவம். ஒரு வாரம் தள்ளினாலும் இலை முதிர்ந்து புள்ளி எண்ணிக்கை மாறும்.

பூஞ்சையை வயலிலிருந்து எடுப்பது

பினாங்கில் இருப்பவர்களுக்கு செபராங் பிறை வயல்களும், தீவிலேயே பாலிக் புலாவ் பக்கம் சுங்கை பூரோங்கும் உண்டு. கோலாலம்பூரிலிருந்து செகிஞ்சான், தஞ்சோங் காராங். வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். தேட வேண்டியது கண் வடிவப் புள்ளி: இரு முனையும் கூராக, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. நீள்வட்டமாக, சீரான பழுப்பில், எள் தூவியது போல இருந்தால் அது பழுப்புப் புள்ளி நோய், வேறு பூஞ்சை. இலையைக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் காரில் வைத்தால் ஆய்வுக்கூடம் வருவதற்குள் வியர்த்து, மற்றப் பூசணங்கள் மேலே ஏறிவிடும்.

புள்ளியின் ஓரத்தோடு 5 மி.மீ. துண்டு வெட்டி, 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம், மூன்று முறை அலசல், ஈரத் தாள் விரித்த தட்டில் 25 டிகிரியில் ஒரு நாள் முதல் இரண்டு நாள். பைனாகுலர் நுண்ணோக்கியில் பார்த்தால் சாம்பல் நடுவிலிருந்து நுண்ணிய காம்புகள் நின்று, ஒவ்வொன்றின் தலையிலும் வித்துகள் (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்கள்) கொத்தாக இருக்கும். வித்து பேரிக்காய் வடிவம், இரண்டு குறுக்குச் சுவர், மூன்று அறை. வேறெந்த வடிவமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மெல்லிய கண்ணாடி ஊசியால் காம்புகளின் தலையை மட்டும் தொட்டு, வெறும் அகாரில் (சத்து சேர்க்காத இறுகிய கூழில்) கோடிழுத்து, மறுநாள் முளைத்த ஒற்றை வித்தை அகாரோடு வெட்டி எடுங்கள். ஒற்றை வித்திலிருந்து தொடங்காத கல்ச்சரில் இரண்டு வகை கலந்திருக்கலாம். ஆறு மாதம் கழித்து முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக வரும்போது காரணம் கண்டுபிடிக்க முடியாது.

கல்ச்சர் கிடைத்த வாரத்திலேயே சேமிப்பை முடியுங்கள். கிருமி நீக்கிய வடிதாள் துண்டுகளை ஓட்மீல் அகாரில் பரப்பி, பூஞ்சையை அதன்மேல் வளரவிட்டு, உரித்து, சிலிக்கா ஜெல்லோடு நன்றாக உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு துண்டை எடுத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் பூஞ்சை வித்து விடுவதையும் நோய் தருவதையும் மெல்ல மறந்துவிடும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

நம் ஈரப்பதத்தில் தட்டுகளுக்கு இன்னொரு எதிரி நுண்சிலந்தி. பூஞ்சையைத் தின்று, காலில் மற்றப் பூசணத்தை ஏந்தி, தட்டுக்குத் தட்டு நடந்துபோகும். அகாரில் காலனிகள் வரிசையாக, காலடித் தடம் போல முளைத்திருந்தால் அதுதான். அந்த அடுக்கு முழுவதையும் ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்கள். ஒன்றைக்கூடக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

வித்து எடுப்பது, எண்ணுவது

லிட்டருக்கு 30 கிராம் ஓட்ஸ், அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, 15 கிராம் அகார், 121 டிகிரியில் 20 நிமிடம். தட்டில் பூஞ்சையை 25 டிகிரியில் 8 முதல் 10 நாள் வளருங்கள். மேலே பஞ்சுபோல் எழும் இழைகளைக் கிருமி நீக்கிய ஸ்பிரெடரும் கொஞ்சம் தண்ணீரும் கொண்டு வழித்து ஊற்றிவிட்டு, மூடியை லேசாகத் திறந்து வைத்து, குழல் விளக்கின் கீழ் மூன்று நாள் தொடர் வெளிச்சம். இழை அழிந்து, தட்டு காயும் அந்த நிலையில்தான் பூஞ்சை வித்துக்கு மாறும். வழிக்காமல் விட்டால் அழகான வெள்ளைப் பஞ்சுதான் மிஞ்சும்.

ஒரு தட்டுக்கு 5 மி.லி. கிருமி நீக்கிய தண்ணீர் (துளி இலையில் பரவ உதவும் சோப்பு போன்ற டிவீன் 20, 0.02 சதவீதம் கலந்தது), தூரிகையால் மெதுவாகத் தேய்த்து, நான்கு மடிப்பு மல் துணியில் வடியுங்கள். டிவீனைக் கூட்டாதீர்கள், அளவு மீறினால் வித்து முளைப்பதும் இலையில் ஒட்டுவதும் கெடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கிறது.

ஹீமோசைட்டோமீட்டரில் (எண்ணுவதற்குக் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில்) ஒரு பெரிய கட்டத்தின் சராசரியை 10,000 ஆல் பெருக்கினால் ஒரு மி.லி.க்கான வித்து எண்ணிக்கை. தேவை மி.லி.க்கு 1 லட்சம். உதாரணமாக, சராசரி 48 வந்தால் உங்களிடம் இருப்பது மி.லி.க்கு 4.8 லட்சம், 10 மி.லி. தயாரிக்க 2.08 மி.லி. கரைசல், 7.92 மி.லி. தண்ணீர். எண்ணுவதற்கு முன் குழாயைக் கவிழ்த்துக் குலுக்குங்கள். வித்து சில நிமிடத்தில் அடியில் படியும். இரண்டு முறை புதிதாக நிரப்பி எண்ணுங்கள், இரண்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது முறை.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சோதனை பல வாரங்களை மிச்சப்படுத்தும். கரைசலில் 20 மைக்ரோலிட்டரைப் பிளாஸ்டிக் கவர்ஸ்லிப்பின் மேல் விட்டு, ஈரப் பெட்டியில் 25 டிகிரியில் வையுங்கள். தண்ணீர் ஒட்டாத பரப்பில் விழுந்தால் பூஞ்சை இலைமேல் இருப்பதாகவே நடந்துகொள்ளும்: இரண்டு மணி நேரத்தில் முளைக்குழாய், எட்டு மணி நேரத்துக்குள் அதன் நுனி உருண்டு வீங்கி அப்ரசோரியம். மறுநாள் அது கருத்த மெலனின் சுவரோடு இருக்கும். உள்ளே 8 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் ஏற்றி, அந்த விசையால்தான் இலைத்தோலைத் துளைக்கிறது. நூறு வித்தில் குறைந்தது எண்பது அப்ரசோரியம் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் செடியில் புள்ளி வராததற்குச் செடியைக் குறைசொல்லக் கூடாது.

நோய் ஏற்றும் நாள்

மாலை நான்கு மணிக்குத் தெளியுங்கள், இருட்டு இயல்பாகத் தொடரும். ஏர்பிரஷ் இருந்தால் நல்லது. ஒப்பனைக் கடை ஸ்பிரே போத்தலில் துளி பெரிதாக விழுந்து வழிந்துவிடும். பிராக்கிபோடியத்தின் இலை குறுகல், மேலெல்லாம் மெல்லிய ரோமம். சரியாகத் தெளித்தால் துளிகள் ரோமத்தின் இடையில் தனித்தனி மணிகளாக நிற்கும், சாய்த்துப் பார்த்தால் உருளாது. இரண்டு மணிகள் சேர்ந்து ஓடத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது. 12 தொட்டி உள்ள ஒரு தட்டுக்கு 8 முதல் 10 மி.லி. போதும். முதலில் வெறும் டிவீன் தண்ணீரைக் கட்டுப்பாட்டுச் செடிகளுக்கு (ஒப்பீட்டுக்காக நோய் ஏற்றாமல் விடுபவை) தெளித்துவிடுங்கள், பிறகே வித்துக் கரைசல். இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது.

உடனே மூடியுள்ள பெட்டியில், அடியில் ஈரத்தாளோடு, 24 மணி நேரம் இருட்டு, 24 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல். வெளியில் எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் ஏர்கோன் அறையின் காற்று வறண்டது. மூடியில் விரல்நுனி அளவு இடைவெளி இருந்தாலும் அந்தப் பக்கத்துச் செடிகளில் துளி காய்ந்து, அப்ரசோரியம் பாதியில் நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய பொறி: பல கட்டடங்களில் மைய ஏர்கோனை மாலையில் அணைத்துவிடுவார்கள், வார இறுதியில் முழுக்க. மேசைமேல் வைத்த பெட்டி இரவில் 30 டிகிரிக்கு ஏறும். அப்ரசோரியம் உருவாக வேண்டிய அதே மணி நேரங்களில் வெப்பம் அதைத் தடுக்கும். காலையில் வந்து பார்க்கும்போது அறை மறுபடி ஜில்லென்று இருக்கும், எதுவும் நடந்ததாகத் தெரியாது. குளிரூட்டும் இன்குபேட்டரில் மட்டும் வையுங்கள். பெட்டிக்குள் வெப்பநிலை பதியும் சின்ன லாகர் ஒன்றைப் போட்டுவையுங்கள்.

ஒரு நாள் கழித்து வெளிச்சத்துக்கு மாற்றுங்கள், மூடி இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும். நான்காம் நாள் முதல் புள்ளி தெரியும், ஆறாம் நாள் மதிப்பெண் இடலாம்.

இடம் குறைவாக இருந்தால் வெட்டிய இலையில் செய்யலாம். இரண்டாவது அல்லது மூன்றாவது இலையிலிருந்து 4 செ.மீ. துண்டு, 0.8 சதவீத வெறும் அகார், லிட்டருக்கு 2 மி.கி. கைனெடின் (இலை முதிர்வதைத் தாமதப்படுத்தும் ஹார்மோன்), மேலே 4 மைக்ரோலிட்டர் துளி. 10 மைக்ரோலிட்டர் இந்த ஒடுங்கிய இலையில் நிற்காது. 24 மணி நேரத்துக்குப் பின் துளியை வடிதாளின் நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வெட்டிய இலை முதிரும் வேகமே வேறு, ஹார்மோன் சமநிலையும் வேறு. கைனெடின் அதை இன்னும் மாற்றுகிறது. அதனால் வெட்டிய இலையில் கிடைத்த எதிர்ப்பை முழுச் செடியில் பார்க்காமல் எழுதாதீர்கள்.

மதிப்பெண், படம், சாயம்

0 என்றால் எதுவுமில்லை. 1, குண்டூசித் தலை அளவுப் பழுப்பு. 2, சற்றுப் பெரிய பழுப்பு, நடுவில் சாம்பல் இல்லை. 3, சாம்பல் நடு தெரியும் 1 முதல் 2 மி.மீ. உருண்டை. 4, முழு வளர்ச்சி பெற்ற கண் வடிவம். 5, புள்ளிகள் இணைந்து இலை சாய்வது. முக்கியமான கோடு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது: 2 வரை செடி பூஞ்சையை நிறுத்திவிட்டது, 3 முதல் பூஞ்சை வித்து விடும் நிலைக்குப் போய்விட்டது. மதிப்பெண் போடுபவருக்கு எந்தத் தொட்டி எந்த வரிசை என்று தெரியக் கூடாது. தொட்டியில் எண் மட்டும் ஒட்டி, பட்டியலை வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும்.

இலைகளை வெள்ளைத் தாளில் ஒட்டி, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஸ்கேன் செய்தால் இமேஜ்ஜே மென்பொருளில் புள்ளியின் பரப்பை அளக்கலாம். பூஞ்சையின் அளவையே நேரடியாகத் தெரிய, பூஞ்சை டிஎன்ஏவைச் செடி டிஎன்ஏவோடு ஒப்பிடும் கியூபிசிஆர். இரண்டும் மதிப்பெண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

எதிர்ப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்று காண, 24, 48, 72 மணி நேரத்தில் இலை எடுத்து, எத்தனால் மூன்று பங்கு, அசெட்டிக் அமிலம் ஒரு பங்கில் பச்சை போகும்வரை ஊறவைத்து, டிரிப்பான் நீலத்தில் நிறமேற்றுங்கள். பணியும் செடியில் 48 மணி நேரத்தில் தடித்த இழைகள் செல்லிலிருந்து செல்லுக்குப் போவது நீலமாகத் தெரியும். எதிர்க்கும் செடியில் அப்ரசோரியத்துக்கு அடியில் ஒன்றிரண்டு செல் மட்டும் இறந்து நீலமாகி, இழை அங்கேயே நின்றிருக்கும். அந்தச் செல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்ததா என்பதற்கு டிஏபி என்ற சாயப் பொருள்: மி.லி.க்கு 1 மி.கி., பிஹெச் 3.8, அன்றே கரைத்தது, இருட்டில். பெராக்சைடு உள்ள இடம் செம்பழுப்பாகும். டிஏபி புற்றுநோய் அபாயம் உள்ளதாகக் கருதப்படும் பொருள். கையுறை போடுங்கள், சிங்கில் ஊற்றாதீர்கள்.

எண்ணிக்கையில் ஒரு பொதுவான பிழை: ஒரே தட்டில் 60 இலையை எண்ணிவிட்டு 60 மாதிரி என்று எழுதுவது. அவை எல்லாம் ஒரே கரைசலை ஒரே பெட்டியில் வாங்கியவை. தனி விதைப்பு, தனி வித்துக் கரைசல், தனி நாள்: இப்படி மூன்று முறை செய்ததே மூன்று. ஒவ்வொரு முறையும் ஒரு வரிசைக்கு 12 செடிக்குக் குறையாமல், ஒரே தட்டில் எல்லா வரிசையும் குலுக்கிப்போட்டபடி.

இலையுறைக் கருகலுக்கு மாற்றுவதென்றால்

நம் வயலின் இன்னொரு தொல்லையான இந்த நோயைத் தரும் ரைசோக்டோனியா சோலானி வித்து விடாத பூஞ்சை. மேலே சொன்ன எண்ணும் வேலை இல்லை. உருளைக்கிழங்கு அகாரில் 28 டிகிரியில் இரண்டு, மூன்று நாள் வளர்த்து, காலனியின் ஓரத்திலிருந்து 5 மி.மீ. வட்டம் வெட்டி, இலையின் மேல் இழை படும்படி கவிழ்த்து வைத்தால் போதும். எல்லா வட்டமும் ஒரே தூர ஓரத்திலிருந்து வர வேண்டும், நடுப்பகுதி கிழடு. இது செல்லைக் கொன்று தின்னும் பூஞ்சை, மூன்று நாளில் முடிவு தெரியும். இதில் பிடி21 எளிதில் பணியும், பிடி3-1 தாக்குப்பிடிக்கும். அந்த எதிர்ப்பில் சாலிசிலிக் அமிலத்துக்குப் பங்கு உண்டு என்பது பிராக்கிபோடியத்திலும் நெல்லிலும் காட்டப்பட்டிருக்கிறது.

வராதபோது எங்கே பார்ப்பது

எந்தச் செடியிலும் புள்ளி இல்லை என்றால் கவர்ஸ்லிப் சோதனையைப் பாருங்கள். அப்ரசோரியம் வந்திருந்தால் பெட்டியின் ஈரமும் வெப்பமும்தான் காரணம், லாகரைப் படியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், அந்தப் பூஞ்சைக்கும் அந்த வரிசைக்கும் பொருத்தம் இல்லாதிருக்கலாம். வயலிலிருந்து எடுத்த ஒவ்வொரு கல்ச்சரும் எல்லா வரிசையையும் தாக்காது. ஐந்தாறு கல்ச்சரை முன்கூட்டியே சோதித்து, நன்றாகத் தாக்கும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இலை நுனி மட்டும் காய்ந்தால் அது நோய் அல்ல, உப்பு அல்லது வெப்பம். கட்டுப்பாட்டுச் செடியிலும் அப்படியே இருக்கும். கட்டுப்பாட்டில் உண்மையான கண் வடிவப் புள்ளி வந்தால் தெளிக்கும் இடத்தில் கலப்பு நடந்திருக்கிறது. அந்தத் தொகுதியின் எண்களைப் பயன்படுத்தாதீர்கள். தட்டின் ஒரு பக்கம் மட்டும் நோய் கூடுதல் என்றால் ஸ்பிரேயை ஒரே திசையிலிருந்து பிடித்திருக்கிறீர்கள். முழு இலையும் வெளிறி மஞ்சளானால் மூடியை அதிக நாள் வைத்துவிட்டீர்கள்.

கழிவும் நெல்லில் உறுதிசெய்வதும்

நோய் ஏற்றிய செடி, மண், தாள், தட்டு எல்லாம் 121 டிகிரியில் போக வேண்டும். மண்ணுக்கு 20 நிமிடம் போதாது, ஒரு மணி நேரம். ஈர மண் மூட்டையின் நடுப்பகுதி சூடேற நேரம் எடுக்கும், ஆகவே பையை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். பெட்டிகளை 70 சதவீத எத்தனாலில் துடையுங்கள். உள்ளூர்க் கல்ச்சரை வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அனுப்புவதென்றால் 2017-ஆம் ஆண்டு உயிரியல் வள அணுகல், பலன் பகிர்வுச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். ஆய்வு தொடங்கும்போதே விண்ணப்பியுங்கள்.

பிராக்கிபோடியத்தில் ஒரு மரபணு எதிர்ப்பு தருகிறது என்று தெரிந்தால் அது இன்னும் ஊகம்தான். நெல்லில் அதே மரபணுவின் இணையைக் கண்டு, அதே கல்ச்சரை, அதே அளவு வித்தோடு, மூன்று வார நாற்றில் தெளித்துப் பாருங்கள். ஒப்பீட்டுக்கு எளிதில் பணியும் ரகமாக, உலகெங்கும் குலை நோய் ஆய்வில் வைத்திருக்கும் கோ39 சரியாக இருக்கும். நம் கோயம்புத்தூரில் உருவான ரகம் அது. அதோடு நம் வயல்காரர்களுக்குப் பழக்கமான எம்ஆர்219-ஐயும் சேருங்கள். நெல் இலை அகலம், துளி அதிகம் நிற்கும். ஆகவே இரண்டு செடியின் புள்ளி எண்ணிக்கையை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றையும் அதனதன் பணியும் ரகத்தோடு ஒப்பிட்ட விகிதத்தையே அட்டவணையில் போடுங்கள்.